சங்குமுகத்துப் பெண்

திருவனந்தபுரத்திற்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தார் முதலிற் கற்றுக்கொள்ளும் இடப்பெயர்களுள் ஒன்று 'ஸ்டாச்யூ' என்பது. புளிமூட்டுக்கும் புத்தன்சந்தைக்கும் வழி கேட்டால் அந்தச் சந்திப்பைச் சொல்லியே அடையாளம் காட்டுகிறார்கள். பேருந்து நடத்துநரும் அப்பெயரையே கூவி அழைக்கிறார். ஆனால் தலைமைச் செயலகத்திற்கு எதிரே நிற்கும் அந்தச் சிலை யாருடையது என்று கேட்டறிந்தவர் நம்மிற் சிலரே.

அது திவான் சர் டி. மாதவராவின் சிலை. 1828-இல் கும்பகோணத்திற் பிறந்து, சென்னையிற் கல்வி கற்று, 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக விளங்கியவர் அவர். நம்மைப் போலவே காவிரிக் கரையையும் பொருநைக் கரையையும் விட்டு இம்மலைநாட்டிற்குப் பணி செய்ய வந்தோரின் வரிசையில் முன்நிற்பவர். இந்நகரில் இன்னும் பல சிலைகள் உண்டு. செயலக வளாகத்தில் வேலுத்தம்பி தளவாய் நிற்கிறார். வெள்ளயம்பலத்தில் மகாத்மா அய்யன்காளி நிற்கிறார். அதே வெள்ளயம்பலத்தில், 1938 அக்டோபரில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனையை நோக்கிப் பெரும் மக்கள் திரளை நடத்திச் சென்ற அக்கம்மா செறியானுக்கும் சிலை உண்டு.

இவர்கள் அனைவருக்கும் பொதுவானவை மூன்று: பெயர், வரலாறு, பீடம். நாடு நன்றி மறவாமல் இவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது. அது தகும். ஆயினும் ஒரு நகரம் நினைவில் வைக்கத் தக்கவர்கள் இத்தகையோர் மட்டுந்தாமா என்னும் கேள்வி நமக்கு எழுகிறது. அக்கேள்விக்கு விடை தேட நாம் நகரின் மேற்கு எல்லைக்குச் செல்லவேண்டும்.

கடலோரத்து உருவம்

விமான நிலையத்தை அடுத்துள்ள சங்குமுகம் கடற்கரையில் ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கிறாள். அவளுடைய நீளம் 87 அடி. உயரம் 25 அடி. கரமனை அக்கிரகாரத்தில் அடுத்தடுத்துள்ள நான்கு வீடுகளின் முகப்பைச் சேர்த்தால் ஏறக்குறைய அவளுடைய நீளம் வரும். காங்கிரீட்டினால் ஆகிய இவ்வுருவத்தைச் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1990-இல் தொடங்கி 1992-இல் முடித்தார். மலையாளத்தில் இதனை 'ஜலகன்யக' என்றும் 'சாகரகன்யக' என்றும் வழங்குகிறார்கள். நாம் கடற்கன்னி என்கிறோம். உலகத்திலேயே மிகப் பெரிய கடற்கன்னிச் சிற்பம் என்று 2022-இல் கின்னஸ் நூலார் இதற்குச் சான்று வழங்கினர்.

கடற்கன்னி என்பது கதையில் வரும் பெயர்தான். ஆனால் இவளைப் பற்றிப் புராணம் ஏதும் இல்லை. இவள் தலையில் மகுடம் இல்லை. அருகில் நாயகனோ வாகனமோ இல்லை. இவளை வணங்க வருவார் இல்லை. இவளுக்குப் பிறந்த நாள் விழாவும் இல்லை. மாலை அணிவிக்க அமைச்சர் வருவதும் இல்லை. பகல் முழுதும் உழைத்து, மாலையிற் சற்றே உடம்பைக் கிடத்திக் காற்று வாங்கும் ஒரு பெண்ணின் அயர்வும் அமைதியுமே அந்த உருவத்தில் நாம் காண்பன. நகரத்துச் சிலைகளை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். இவளோ நாம் நிற்கும் மண்ணிலேயே கிடக்கிறாள். குழந்தைகள் அருகே ஓடிச் சென்று தங்கள் கையை அவளுடைய உருவத்தோடு வைத்து அளந்து பார்க்கிறார்கள். இதனால்தான் பெயர் எதுவாயினும் இவளைச் சாதாரணப் பெண் என்றே நாம் கொள்கிறோம்.

சென்னையிற் கற்ற கை

இச்சிற்பி நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். காசர்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த குட்டமத்து என்னும் ஊரில் 1937-இற் பிறந்த குஞ்ஞிராமன், கலை பயில வந்த இடம் சென்னை. 1850-இல் தோன்றிய அந்த ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக விளங்கியவர் வங்கச் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அவருக்குப் பின் 1957-இல் தலைமை ஏற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். அந்தப் பரம்பரையில் வளர்ந்த குஞ்ஞிராமன் பின்னர் இலண்டன் ஸ்லேடு கலைப் பள்ளிக்கும் சென்று கற்றுத் திரும்பினார்.

சென்னைக் கடற்கரையில் ராய் சௌத்ரி வடித்த 'உழைப்பாளர் சிலை'யை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 1959 சனவரியில் நிறுவப்பட்ட அதில் நான்கு ஆடவர் ஒரு பாறையை உந்துகிறார்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை. பெயரில்லாதவர்க்கும் ஊர் நடுவே சிலை வைக்கலாம் என்பதை நமக்குக் காட்டிய சிற்பம் அது. குஞ்ஞிராமன் அந்த வழியிற் சென்று பெண்களை நோக்கித் திரும்பினார் என்று கூறலாம். பாலக்காட்டை அடுத்த மலம்புழை அணைக்கட்டுப் பூங்காவில் 1969-இல் ஏறத்தாழ 30 அடி உயரமுள்ள யக்ஷியை அமைத்தார். கண்ணூரில் பய்யாம்பலம் கடற்கரையில் தாயும் சேயுமான உருவத்தைப் படைத்தார். சங்குமுகத்தில் இவளைக் கிடத்தினார். மூவரும் திறந்த வெளியில், மலையையும் கடலையும் சுவராகக் கொண்டு இருப்பவர்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்று காணவேண்டிய பொம்மைகள் அல்லர்.

நாணம் யாருக்கு?

இம்மூவருள் மலம்புழை யக்ஷிக்கும் சங்குமுகத்துப் பெண்ணுக்கும் ஆடை இல்லை. அதனால் எழுந்த சச்சரவுகளும் பல. சங்குமுகத்திற் பாதி வேலை நடந்துகொண்டிருக்கையில், இவ்வுருவம் ஆபாசமானது என்று சொல்லி மாவட்ட நிர்வாகம் பணியை நிறுத்தச் சொல்லியது. அப்போது முதலமைச்சராக இருந்த கே. கருணாகரன் தலையிட்டதன் பின்னரே பணி தொடர்ந்து முடிந்தது.

அதிகாரிகளை மட்டும் குறைகூறுவானேன்? நம் குடும்பங்களிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஞாயிறு மாலையிற் குழந்தை குட்டிகளோடு சங்குமுகம் செல்கிறோம். உருவத்தின் அருகே வந்ததும் தகப்பனார் கடலைக் காட்டுகிறார். தாயார் சுண்டல் விற்பவனைக் காட்டுகிறார். பாட்டியம்மாள் மட்டும் ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, "நல்ல களையான முகம்" என்று சொல்லி நடந்துவிடுகிறார். பிள்ளைகள் ஒன்றும் கேட்பதில்லை. பார்க்கத் தகாதது எது என்பதைப் பெரியவர் கண்களிலிருந்தே அவர்கள் படித்துக்கொண்டு விடுகிறார்கள்.

பெண்ணுடம்பை மூடுவதே மானம் என்று நாம் இன்று கருதுகிறோம். ஆனால் இந்த நாட்டின் வரலாறு நம்மைச் சற்று நின்று எண்ணச் சொல்கிறது. நாஞ்சில் நாடும் கல்குளமும் விளவங்கோடும் 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளில் இருந்தவை. நம் சங்கத்தாருட் பலருடைய முன்னோர் அங்கே வாழ்ந்தவர்கள். அங்கே தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மார்பை மறைத்தல் ஆகாது என்பது ஒரு காலத்து வழக்கம். மறைத்தவர்கள் கடைவீதியில் ஆடை கிழிக்கப்பட்டு அவமானமுற்றார்கள். 1820-களிலிருந்து பல முறை கலகம் மூண்டது. தோள்சீலைக் கலகம் என்று நாம் கூறுவது இதுவே. 1858-இலும் 1859-இலும் அது உச்சம் அடைந்தது. சென்னை கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவிலியனும் திருவிதாங்கூர் அரசை வற்புறுத்தினார்.

முடிவில் 1859 சூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிக்கை வெளியாயிற்று. அப்போது திவானாக இருந்தவர், 'ஸ்டாச்யூ' சந்திப்பில் நாம் நாள்தோறும் காணும் மாதவராவ். நாடார் குலப் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம். அல்லது மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மறைக்கலாம். ஆனால் உயர்குலப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தலாகாது என்பது அவ்வறிக்கையின் கருத்து. உரிமை வந்தது, அதனுடன் ஓர் எல்லைக்கோடும் வந்தது. பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், அய்யன்காளியின் சொல்லைக் கேட்டுப் புலையர் குலப் பெண்கள் தங்கள் தாழ்வின் அடையாளமாகிய கல்மாலைகளை அறுத்தெறிந்த பின்னரே அக்கோடு மங்கத் தொடங்கியது.

இதனை எண்ணும்போது ஓர் உண்மை விளங்குகிறது. மூடாதே என்று ஒரு காலத்திலும் மூடு என்று மறு காலத்திலும் ஆணையிட்டோர் உண்டு. இரண்டு காலத்திலும் அந்தப் பெண்ணைக் கேட்டோர் இல்லை. சங்குமுகத்துப் பெண் எவருடைய ஆணைக்கும் உட்படாமல், தனக்குத் தோன்றியபடி கால் நீட்டிக் கிடக்கிறாள். நமக்குச் சங்கடம் தருவது அவளுடைய ஆடையின்மையா, அல்லது அந்த அச்சமின்மையா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

நம் முன்னோர் கல்லிற் கண்ட பெண்கள்

சாதாரணப் பெண்ணைக் கல்லில் வடிப்பது நம்மவர்க்குப் புதிதன்று. பத்மநாபசுவாமி கோயிலின் சீவேலிப்புரையில் நடப்பவர்கள், தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பாவையரைப் பார்த்திருப்பார்கள். சுசீந்திரத்திலும் அத்தகைய பாவைகள் உண்டு. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்துக் கோயில் மண்டபத்தில் குறத்தியைக் காணாதவர் நெல்லைச் சீமையில் உண்டோ? கூடை சுமந்து குறி சொல்லித் திரிந்த பெண்ணைக் கோயிலுக்குள் தெய்வங்களுக்கு எதிரே நிறுத்தத் தயங்காதவர்கள் நம் சிற்பிகள். அவளைக் கும்பிடவேண்டும் என்றோ கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் என்றோ அவர்கள் சொல்லவில்லை. பாருங்கள் என்றார்கள், நம் பாட்டன்மாரும் பார்த்தார்கள்.

ஒரு பெண்ணுக்காகக் கல் எடுத்த பெரிய கதையும் இந்தச் சேர நாட்டுக் கதையே. வணிகர் குடியிற் பிறந்து, கணவனை இழந்து, நீதி கேட்ட கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியாகக் கொண்டு இந்நகரத்தார் இன்றும் வழிபடுகின்றனர். மாசி மாதத்துப் பொங்கலன்று நகரத்துத் தெருக்கள் எல்லாம் அடுப்புகளாகி விடுகின்றன. 1997-இல் 15 இலட்சம் பெண்களும் 2009-இல் 25 இலட்சம் பெண்களும் கூடினர் என்று கின்னஸ் நூலார் கணக்கிட்டனர். அன்று ஒரு நாள் நகரம் முழுவதும் சாதாரணப் பெண்களுக்கே உரியது.

சென்னைக் கடற்கரையிலும் 1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, சிலம்பேந்திய கண்ணகிக்குச் சிலை எழுந்தது. 2001 திசம்பரில் அது அகற்றப்பட்டதும், 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டதும் நாம் அறிந்தவை. கண்ணகியின் பெருமை குறையாதது. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு பெண் தெய்வமாகவோ தலைவியாகவோ உயர்ந்த பின்னரே ஊரார் அவளுக்குக் கல் எடுக்கிறார்கள். உயராமல் நம்மிடையே இருந்து, சமைத்து, சுமந்து, பெற்று, வளர்த்து மறைந்த கோடிப் பெண்களுக்கு எந்தச் சந்திப்பிலும் இடம் இல்லை.

கடல் கடந்த இரு நகரங்கள்

டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913-இல் ஒரு கடற்கன்னியை நிறுவினார்கள். எட்வர்டு எரிக்சன் என்னும் சிற்பி தம் மனைவியையே மாதிரியாக இருத்தி அவளுடம்பை வடித்தார். உயரம் நான்கடிக்குச் சற்று மேல். நம் சங்குமுகத்தாளின் அருகில் வைத்தால் குழந்தை. ஆனால் உலகமே அவளை அறியும். அவளையும் மனிதர் சும்மா விடவில்லை. 1964-இலும் 1998-இலும் தலையை அறுத்துச் சென்றனர். 1984-இல் கையை அறுத்தனர். ஒவ்வொரு முறையும் அந்நகரத்தார் அவளைச் செப்பனிட்டு அதே பாறையில் அமர்த்தினர்.

கொரியா நாட்டின் சியோல் நகரில், சப்பானியத் தூதரகத்தின் எதிரே 2011 திசம்பரில் ஓர் இளம்பெண்ணின் வெண்கல உருவத்தை நாற்காலியில் அமர்த்தினார்கள். போர்க்காலத்தில் சப்பானியப் படையினரிடம் சிக்கிச் சீரழிந்த பெண்களின் நினைவு அது. அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வருவோர் அவளோடு சற்று அமரலாம். பனிக்காலத்தில் ஊரார் அவள் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றி, தலைக்குக் குல்லாய் அணிவிக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் குளிருமே என்று எண்ணுவது போன்ற செயல் அது.

கடலும் கவனமின்மையும்

சங்குமுகத்துப் பெண்ணுக்கு இவ்வளவு கவனிப்பு வாய்க்கவில்லை. அவள் அருகிலேயே 2020-இல், விமானப் படை பயன்படுத்தி விலக்கிய எம்.ஐ.-8 ஹெலிகாப்டர் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். தம் சிற்பத்தின் சூழலை அது கெடுக்கிறது என்று சிற்பி எதிர்ப்புத் தெரிவித்தார். சிற்பம் என்பது காங்கிரீட்டு உருவம் மட்டுமன்று. அதைச் சுற்றியுள்ள வெற்றிடமும் வானமும் சேர்ந்ததே என்பது அவர் கொள்கை. கோலத்தின் நடுவே யாரேனும் அம்மிக்கல்லை வைத்தால் வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்களோ, அதையே அவரும் சொன்னார்.

கடலும் நெருங்கி வருகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆண்டுக்கு இருமுறை பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து இக்கரைக்கு வருகிறது. அந்நேரம் விமானங்கள் நிற்கின்றன. இவ்வளவு சிறப்புடைய கடற்கரையின் மணலை அலைகள் ஆண்டுதோறும் அரித்துச் செல்கின்றன. 2021 மே மாதப் புயற் கொந்தளிப்பில் கரையோரச் சாலையே இடிந்து விழுந்தது.

அக்கரையில் உயிரோடு நடமாடும் பெண்களையும் நாம் மறத்தலாகாது. மீன்கூடையைத் தலையிற் சுமந்து நகரத்துத் தெருக்களில் விற்று வருகிற மீனவப் பெண்களை நெடுங்காலம் பேருந்துகளில் ஏற்ற மறுத்தார்கள். நாற்றம் என்று காரணம் கூறினார்கள். அவர்கள் போராடியே தனிப் பேருந்து பெற்றார்கள். 2021 ஆகஸ்டில் 'சமுத்ரா' என்னும் கட்டணமில்லாப் பேருந்துகளை அவர்களுக்கென அரசு தொடங்கியது. 1859-ஆம் ஆண்டு அறிக்கையில் உடைக்கு உவமையாகச் சொல்லப்பட்ட மீனவப் பெண்களின் கொள்ளுப் பேத்திகள் இவர்கள். கரையிற் கிடக்கும் பெரிய உருவத்தின் உடன்பிறந்தாரும் இவர்களே.

நாம் செய்யக்கூடியது

அடுத்த முறை சங்குமுகம் செல்லும் நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் முகத்தை அப்புறம் திருப்பாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று முழு உருவமும் கண்ணில் அடங்குமாறு காட்டுங்கள். இதனைச் செய்தவர் நம் சென்னையிற் கற்றவர் என்று சொல்லுங்கள். இவள் ராணியல்லள், தேவியல்லள், ஒரு பெண் என்று சொல்லுங்கள். நம் பாட்டியின் பாட்டி மேலாடை அணிவதற்கே போராடவேண்டியிருந்த கதையையும் சொல்லுங்கள். உருவத்தின்மேல் ஏறி மிதிக்கவும் பெயரைக் கீறவும் விடாதீர்கள். அது மட்டுமே நாம் சொல்லவேண்டிய ஆசாரம்.

சிலைக்குப் பெயர் இல்லாதது குறையன்று. ஆனால் மனிதருக்குப் பெயர் உண்டு. மீன் வாங்கும் வீட்டாரும் வாங்காத வீட்டாரும் நாள்தோறும் காலையிற் கூடையோடு தெருவிற் செல்லும் அந்தப் பெண்மணியைக் காண்கிறோம். பத்தாண்டு, இருபதாண்டு ஒரே தெருவிற் கண்டவர்களும் அவர்களை 'மீன்காரி' என்றே அழைக்கிறார்கள். நாளைக் காலையில் அவர்கள் வரும்போது, "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று நாம் கேட்போமாக.